மனத்தை அளந்த கோல்

படி, மரக்கால், சேர், மணங்கு முதலிய அளவைகளைக் கொண்டு நம் முன்னோர் நெடுங்காலம் வாணிகம் செய்து வந்தனர். ஊருக்கு ஊர் படியின் கொள்ளளவு வேறுபட்டது. ஓரூர்ப் படியால் மற்றோர் ஊரில் நெல் அளந்தால் வழக்கு எழுந்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக 1958 முதல் மெட்ரிக் அளவைகள் சிறிது சிறிதாக நாடெங்கும் பரவிய பின்னரே அவ்வழக்கு ஓய்ந்தது. கண்ணால் காணத்தக்க நெல்லை அளப்பதிலேயே இத்துணைச் சிக்கல் இருந்தது. கண்ணுக்குப் புலனாகாத அறிவை அளக்கப் புகுந்தவர்களுக்கு எத்துணைச் சிக்கல் நேர்ந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அச்சிக்கல்களின் வரலாற்றையே இங்குக் காணப் புகுகிறோம். அவ்வரலாற்றில் மைசூருக்கும் பெங்களூருக்கும் தனியிடம் உண்டு.

பிறந்த மண்ணை விட்டு வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்க்கு இது பிறர் கதையன்று. 1809இல் பெங்களூரில் ஆங்கிலேயர் படைமுகாம் அமைத்த நாள்தொட்டு, 'தண்டு' என்று வழங்கப்பட்ட அப்பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் வேரூன்றி வாழ்ந்து வருகின்றன. அங்கு வளரும் குழந்தை வீட்டில் தமிழ் பேசுகிறது. தெருவில் கன்னடம் பேசுகிறது. பள்ளியில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பயில்கிறது. பம்பாயிலும் தில்லியிலும் நிலைமை ஏறத்தாழ இதுவே. இடையில் நிற்கும் மொழி மட்டுமே மாறுகிறது. அத்தகைய குழந்தையின் அறிவை அளப்பதென்றால் எந்த மொழியில், யாருடைய கோலைக் கொண்டு அளப்பது? இவ்வினாவிற்கு விடை காண நூறாண்டுக்கு மேலான முயற்சிகளைப் பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

அறிவுச் சோதனையின் பிறப்பிடம் பாரிஸ் மாநகரம். கட்டாயக் கல்வி நடைமுறைக்கு வந்ததும், வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளுள் எவருக்குத் தனிப் பயிற்சி தேவை என்பதைக் கண்டறிய வேண்டிய நிலை அந்நாட்டில் ஏற்பட்டது. ஆல்பிரட் பினே என்னும் உளவியலறிஞர், தியோடர் சைமன் என்னும் மருத்துவரோடு சேர்ந்து 1905ஆம் ஆண்டில் முப்பது வினாக்கள் கொண்ட சோதனை ஒன்றை அமைத்தார். எளியதில் தொடங்கி அரியதில் முடியும் வரிசை அது. 1908இல் அவ்வினாக்கள் வயதுவாரியாக வகுக்கப்பட்டன. ஐந்து வயதுப் பிள்ளைகளுள் பெரும்பாலோர் செய்யக்கூடியது எது, ஆறு வயதினர் செய்யக்கூடியது எது என்று நேரில் சோதித்து அறிந்த பின்னரே வினாக்கள் அவ்வவ் வயதில் வைக்கப்பட்டன. ஆகவே அக்கோலின் ஒவ்வொரு கோடும் பாரிஸ் நகரத்துப் பிள்ளைகளைக் கொண்டு கீறப்பட்டது. 1912இல் ஜெர்மானியரான வில்லியம் ஸ்டெர்ன், மனவயதைக் கால வயதால் வகுக்கும் முறையைக் கூறினார். அதிலிருந்து 'நுண்ணறிவு ஈவு' என்னும் எண் தோன்றியது. பினே வகுத்த சோதனையின் நோக்கம் உதவி வேண்டிய பிள்ளையைக் கண்டறிவது. அது பிள்ளைகளின் நெற்றியில் நிலையான முத்திரை குத்துவதற்காக எழுந்ததன்று.

அந்நோக்கம் கடல் கடந்தபோது திரிந்தது. அமெரிக்காவில் ஹென்றி காடார்டு என்பவர் இச்சோதனையை மொழிபெயர்த்துப் பரப்பினார். 1913இல் நியூயார்க் துறைமுகத்தை அடுத்த எல்லிஸ் தீவில், ஐரோப்பாவிலிருந்து குடியேற வந்தவர்களுள் சிலர்மீது அவருடைய உதவியாளர்கள் இதனை நடத்தினர். சோதிக்கப்பட்டவர்கள் கப்பலின் தாழ்ந்த வகுப்பில் நெடும்பயணம் செய்து களைத்தவர்கள், ஆங்கிலம் அறியாதவர்கள், பலர் பள்ளியே காணாதவர்கள். வினாக்கள் மொழிபெயர்ப்பாளர் வாயிலாகவே கேட்கப்பட்டன. யூதர், அங்கேரியர், இத்தாலியர், ருஷ்யர் என்ற நான்கு குழுவினருள்ளும் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் அறிவுக் குறைபாடுடையோர் என்ற முடிவு 1917இல் வெளியாயிற்று! ஒரு நாட்டு மக்களில் பெரும்பாலோர் அறிவுக் குறைபாடுடையோர் என்று ஒரு கோல் காட்டுமாயின், ஐயத்திற்கு உரியது கோலே அன்றி மக்கள் அல்லர். வேற்றிடம் சென்று வாழ்வோர் யாவரும் நினைவிற் கொள்ளத்தக்க நிகழ்ச்சி இது. சொற்களை மொழிபெயர்த்துவிட்டால் சோதனை நேர்மையாகிவிடும் என்ற நம்பிக்கை அன்றே பொய்த்தது.

தென்னிந்தியாவிற்கும் இவ்வலை விரைவில் வந்து சேர்ந்தது. காடார்டு பயன்படுத்திய மரப்பலகைச் சோதனை ஒன்று உண்டு. வட்டம், சதுரம், நட்சத்திரம் முதலிய வடிவங்களில் பத்துக் குழிகள் கொண்ட பலகையில், அவற்றிற்குரிய மரத்துண்டுகளைக் குழந்தை விரைந்து பொருத்த வேண்டும். எடுத்துக்கொண்ட காலமே மதிப்பெண். டேவிட் ஹெரிக் என்பவர் இப்பலகையைக் கொண்டு தென்னிந்தியப் பிராமணக் குழந்தைகளையும், 'பஞ்சமர்' என அந்நாளில் வழங்கப்பட்ட வகுப்புக் குழந்தைகளையும், அமெரிக்கக் குழந்தைகளோடு ஒப்பிட்டு 1921இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பேச்சு வேண்டாத சோதனையாதலின் இது யாவர்க்கும் பொது எனத் தோன்றலாம். ஆயினும் மர விளையாட்டுப் பொருள்களோடு வளர்ந்த பிள்ளையும், அத்தகைய பலகையை முதன்முறையாகக் காணும் பிள்ளையும் ஒரே தொடக்கக் கோட்டில் நிற்பவர் அல்லர். விரைந்து முடிப்பதே சிறப்பு என்று பழகிய வீடும், ஆற அமரச் செய்வதே அழகு என்று கற்பிக்கும் வீடும் வெவ்வேறானவை. சாதிக்கும் சாதிக்கும், நாட்டிற்கும் நாட்டிற்கும் இடையே கடிகார முள்ளைக் கொண்டு ஒப்பீடு செய்வது எத்துணை ஆழ்ந்த எச்சரிக்கை வேண்டிய செயல் என்பதை இதனால் உணரலாம்.

இனி, நம் நாட்டவர் தாமே கோல் செய்யத் தொடங்கிய வரலாற்றைக் காண்போம். லாகூர் கல்லூரி ஒன்றில் பணியாற்றிய ஹெர்பர்ட் ரைஸ், பினேயின் சோதனையை வட இந்தியச் சூழலுக்கேற்ப மாற்றியமைத்து 1929இல் நூலாக வெளியிட்டார். தெற்கே, 1916இல் நிறுவப்பட்ட மைசூர்ப் பல்கலைக்கழகம் 1924இல் உளவியலுக்கெனத் தனித்துறை கண்டது. கல்கத்தாவிற்கு அடுத்தபடியாக இந்தியாவில் தோன்றிய உளவியல் துறை இதுவே. இதன் தலைமையை ஏற்றவர் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி. இவர் லண்டனில் சார்லஸ் ஸ்பியர்மனிடம் பயின்றவர். பலதிறப்பட்ட சோதனைகளின் மதிப்பெண்கள் ஒன்றோடொன்று ஒத்துச் செல்வதைக் கணித முறையால் ஆராய்ந்து, அவற்றிற்கெல்லாம் அடிப்படையாகப் பொதுவானதோர் ஆற்றல் உண்டென 1904இல் கூறியவர் ஸ்பியர்மன். அம்மரபை மைசூருக்குக் கொணர்ந்த கோபாலசாமி, மேனாட்டுச் சோதனைகளை நம் நாட்டிற்கு ஏற்பத் திருத்தி அமைக்கும் பணியை மேற்கொண்டார்.

இப்பேராசிரியரை வானொலி நேயர்கள் மற்றொரு வகையிலும் அறிந்திருத்தல் வேண்டும். 1935ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 10ஆம் நாள், மைசூரில் தம் இல்லத்திலேயே முப்பது வாட் ஆற்றல் கொண்ட சிறு கருவியைக் கொண்டு ஒலிபரப்பைத் தொடங்கியவர் இவரே. அந்நிலையத்திற்கு 'ஆகாசவாணி' என்று பெயர். அப்பெயரையே பின்னர், 1950களின் பிற்பகுதியில், தேசிய வானொலி ஏற்றுக்கொண்டது. மக்களின் மனத்தை அளக்கப் புகுந்தவரே மக்களின் செவிக்குச் சொல்லைக் கொண்டு சேர்க்கவும் முற்பட்டார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

ஏறத்தாழ இதே காலத்தில் பம்பாய் மாகாணத்தில் வி. வி. காமத், கன்னடமும் மராத்தியும் பேசும் குழந்தைகளுக்கெனப் பினே சோதனையைத் திருத்தியமைத்தார். அதனைப் பற்றிய கட்டுரை 1934இல் பிரிட்டிஷ் கல்வி உளவியல் இதழில் வந்தது. 'இந்தியக் குழந்தைகளின் நுண்ணறிவை அளத்தல்' என்னும் பொருள்படும் தலைப்பில் அவருடைய ஆங்கில நூல் 1940இல் வெளியாயிற்று. பினே–காமத் சோதனை என்று வழங்கும் இது இன்றும் நம் நாட்டு மனநல நிலையங்கள் பலவற்றில் பயன்பட்டு வருகிறது.

திருத்தியமைத்தல் என்பது மொழிபெயர்த்தலினும் பெரிது. அதன் அருமையை மூன்று எடுத்துக்காட்டுகளால் விளக்குவோம்.

முதலாவது, 1916இல் டெர்மன் அமெரிக்காவில் வெளியிட்ட பினே திருத்தத்தில், ஒன்பது வயதுக் குழந்தைக்கு ஒரு சொல்லைக் கொடுத்து, அதனோடு இறுதி ஒலி ஒத்துவரும் சொற்களைக் கூறச் சொல்லும் வினா ஒன்று உண்டு. ஆங்கிலப் பாட்டில் அடியின் ஈறே ஒத்து ஒலிக்கும். ஆகவே ஆங்கிலக் குழந்தைக்கு அது தொட்டிற் பழக்கம். நம் செய்யுளிலோ இரண்டாம் எழுத்து ஒன்றி வருவதாகிய எதுகையே தலைமை பெற்றது. கன்னடச் செய்யுளிலும் இரண்டாம் எழுத்தில் அமையும் பிராசமே பழைய மரபு. அவ்வினாவை அப்படியே மொழிபெயர்த்துக் கேட்டால், அது அளப்பது குழந்தையின் அறிவையன்று. அந்நிய யாப்போடு அதற்குள்ள பழக்கத்தையே.

இரண்டாவது, எண்களைக் கேட்டு அவ்வாறே திருப்பிச் சொல்லும் சோதனை. ஆங்கிலத்தில் ஒன்று முதல் ஒன்பது வரை உள்ள எண்களுள் ஏழு என்னும் எண்ணைத் தவிர ஏனையவை ஓரசையாக ஒலித்து முடிந்துவிடும். தமிழிலோ ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என ஒவ்வொன்றும் நீண்டு ஒலிக்கின்றது. நீண்ட ஒலிகளை நினைவில் நிறுத்துதல் அரிது. வேல்ஸ் மொழி பேசும் குழந்தைகளிடம் இவ்வேறுபாடு காணப்படுவதை 1980இல் ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினர். அவர்தம் மொழியில் எண்களைச் சொல்ல ஆங்கிலத்தினும் மிகுந்த நேரம் ஆவதே அதற்குக் காரணம். ஆகவே ஐந்து எண்களைத் தமிழில் திருப்பிச் சொல்லும் குழந்தையும், ஆங்கிலத்தில் சொல்லும் குழந்தையும் செய்வது ஒரே செயலன்று.

மூன்றாவது, காலத்தின் மாறுதல். அணாவையும் காலணாவையும் கொண்டு சில்லறைக் கணக்குக் கேட்கும் வினா 1940இல் எளிய வினா. 1957 ஏப்ரலில் ரூபாய்க்கு நூறு பைசா என்ற முறை வந்தபின் பிறந்த குழந்தைக்கு அது புதிர். வினாக்கள் மட்டுமல்ல, அளவுக் கோடுகளும் பழையனவாகின்றன. அமெரிக்காவில் 1932 முதல் 1978 வரையிலான காலத்தில் மக்களின் சராசரி மதிப்பெண் ஏறத்தாழ 14 புள்ளிகள் உயர்ந்தது என்பதை ஜேம்ஸ் ஃப்ளின் 1984இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். பாட்டன் காலத்துக் கோட்டை வைத்துப் பேரனை அளந்தால் கிடைக்கும் எண் மெய்யான எண்ணாகாது.

மொழியின் இடர்ப்பாட்டைத் தவிர்க்க வேறு வழியும் தேடப்பட்டது. உத்தரப் பிரதேசத்தில் சி. எம். பாட்டியா 1955இல் வெளியிட்ட செயற்சோதனைத் தொகுதி இவ்வகையில் பெயர் பெற்றது. வண்ணக் கட்டைகளை அடுக்கிக் கோலம் அமைத்தல், பெட்டிக்குள் துண்டுகளை நகர்த்தி இடமாற்றுதல், கோட்டோவியம் வரைதல், ஒலிகளை நினைவிற் கொண்டு கூறுதல், படத்துண்டுகளைச் சேர்த்து முழுப்படம் ஆக்குதல் என ஐந்து பகுதிகள் கொண்டது அது. பாட்டியா தம் அளவுக் கோடுகளை வகுக்கச் சோதித்த 1,154 சிறுவருள் எழுத்தறிவு பெற்றவர் 642 பேர். பெறாதவர் 512 பேர். இரு சாராருக்கும் தனித்தனியே கோடுகள் வகுத்ததே இதன் சிறப்பு. பள்ளிக்குச் செல்லாதவன் அறிவிலி அல்லன், அவனைப் பள்ளிச் சிறுவனுக்குரிய கோட்டில் வைத்துப் பார்த்தல் தகாது என்ற நேர்மை அதில் அமைந்திருந்தது. ஆயினும் அவரால் சோதிக்கப்பட்டவர் அனைவரும் வடநாட்டுச் சிறுவரே. சிறுமியர் அதில் இடம்பெறவில்லை. கோல் ஒவ்வொன்றும் தான் பிறந்த இடத்தின் அடையாளத்தைச் சுமந்தே வருகிறது.

இப்பணியில் பெங்களூர் பெற்ற பங்கினை இனிக் கூறுவோம். அங்கிருந்த மைசூர் அரசின் மனநோய் மருத்துவமனையைச் சார்ந்து 1954இல் அகில இந்திய மனநலக் கழகம் தோன்றியது. அதன் முதல் இயக்குநர் டாக்டர் எம். வி. கோவிந்தசாமி. மருத்துவ உளவியலில் பட்டயப் பயிற்சி அளிக்கும் ஏற்பாடு தொடக்க நாள்களிலேயே அங்கு அமைந்தது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்தவர்கள் சோதனைகளை நடத்தவும் மதிப்பிடவும் அங்குக் கற்றுத் திரும்பினர். 1974இல் மருத்துவமனையும் கழகமும் ஒன்றிணைந்து, இன்று நிம்ஹான்ஸ் என்ற பெயரால் யாவரும் அறிந்த நிறுவனமாயின.

தலையில் அடிபட்டோர், பக்கவாதத்தால் தாக்குண்டோர் முதலியோரின் நினைவு, கவனம், திட்டமிடும் திறன் ஆகியவற்றை அளப்பதற்கு அங்கு உருவான சோதனைத் தொகுதி 2004இல் வெளியாயிற்று. அதன் அளவுக் கோடுகள் மூன்று வயதுப் பிரிவுகளுக்குத் தனித்தனியே வகுக்கப்பட்டன. எழுத்தறியாதார், பள்ளிக் கல்வி பெற்றோர், கல்லூரிக் கல்வி பெற்றோர் என்ற பிரிவும், ஆண், பெண் என்ற பிரிவும் அவற்றோடு சேர்க்கப்பட்டன. ஒரே மதிப்பெண் ஒரு பட்டதாரிக்கு மூளைப் பாதிப்பின் அறிகுறியாகலாம். எழுதப் படிக்க அறியாத முதியவளுக்கு அதுவே இயல்பான நிலையாகலாம். எண்சாண் உடம்பு என்கிறோம். அந்தச் சாண் அவரவர் கைச்சாண் அன்றோ? 1913இல் எல்லிஸ் தீவில் மறக்கப்பட்ட உண்மை 2004இல் பெங்களூரில் அட்டவணையாக அமைந்தது எனலாம்.

ஒரு சோதனையை மதிப்பிடுவோர் கேட்கும் வினாக்கள் மூன்று. இன்று அளந்தாலும் சில நாள் கழித்து அளந்தாலும், ஒருவர் அளந்தாலும் மற்றொருவர் அளந்தாலும் ஏறத்தாழ அதே விடை வருகிறதா என்பது முதல் வினா. இதனை நம்பகம் என்பர். எதனை அளப்பதாகச் சொல்கிறதோ அதனையே அளக்கிறதா என்பது இரண்டாம் வினா, இது ஏற்புடைமை. யாரைக் கொண்டு கோடுகள் வகுக்கப்பட்டன என்பது மூன்றாம் வினா, இது நெறிமம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் வீட்டு வழக்கு. பானை முழுதும் ஒரே அரிசியாய், ஒரே தீயில் வெந்ததாய் இருந்தாலன்றி அவ்வழக்குப் பொருந்தாது. ஒரு மணி நேரச் சோதனை என்பது குழந்தையின் வாழ்விலிருந்து எடுத்த ஒரு பருக்கையே. தலைசிறந்த சோதனைகளிலும் மூன்று நான்கு புள்ளிகள் மேலும் கீழும் அசைதல் இயல்பு. ஆகவே 88 என்று எழுதப்பட்டிருந்தால், அவ்வெண்ணின் அண்டையில் எங்கோ உண்மை இருக்கிறது என்று கொள்வதே முறை.

இவையெல்லாம் அறிஞர்களின் கூடத்தோடு நின்றுவிடும் செய்திகள் அல்ல. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கற்றலில் தோன்றும் குறிப்பிட்ட குறைபாடுகளையும் தன் பட்டியலில் சேர்த்தது. 2018இல் மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு நெறிமுறைகள், அக்குறைபாட்டைக் கண்டறிய நிம்ஹான்ஸ் உருவாக்கிய சோதனைத் தொகுதியைக் குறிப்பிட்டன. சான்றிதழ் பெற்ற மாணவனுக்குத் தேர்வில் கூடுதல் நேரம் முதலிய உதவிகள் கிடைக்கின்றன. குறைபாடுள்ள பிள்ளை கண்டறியப்படாமற் போனால் அவ்வுதவியை இழக்கிறது. குறைபாடு இல்லாத பிள்ளைக்கு அப்பெயர் சூட்டப்பட்டால் அதன் தன்னம்பிக்கை குலைகிறது. வெளிமாநிலத் தமிழ்க் குழந்தைக்கு இவ்விரு இடர்களும் உண்டு.

எடுத்துக்காட்டாக ஒன்றை நோக்குவோம். தமிழில் ககரம் ஒன்றே. சொல்லில் அது நிற்கும் இடத்திற்கேற்ப அதன் ஒலி வன்மையும் மென்மையும் பெறும். கன்னடத்தில் அவ்விடத்தில் நான்கு எழுத்துகள் தனித்தனியே உண்டு. தமிழ் வீட்டிலிருந்து வரும் குழந்தை கன்னடம் எழுதும்போது வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் உரிய எழுத்துகளை மாற்றி எழுதினால், அது வீட்டு மொழியின் செல்வாக்காக இருக்கலாம். அதனை உடனே எழுத்துக் குறைபாடு என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. அவ்வாறே, பிற மொழியில் திணறுகிறது என்று காரணம் காட்டி, உண்மையான குறைபாட்டை ஆண்டுக்கணக்கில் கவனியாது விடுதலும் தீங்கே. இவ்விரண்டையும் பிரித்தறிய, குழந்தை அறிந்த எல்லா மொழிகளிலும் அதன் படிப்பையும் பேச்சையும் நோக்குதல் வேண்டும். எம்மொழியிலும் ஒரே வகை இடர்ப்பாடு தோன்றினால் அது கருதத்தக்கது. ஒரு மொழியில் மட்டும் தோன்றினால் அம்மொழியைக் கற்பித்த முறையையும், கற்ற காலத்தையும் முதலில் ஆராய்தல் வேண்டும். இத்தேவையை உணர்ந்தே, மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் வாசிப்புக் குறைபாட்டிற்கான சோதனையை இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் என்னும் நான்கு மொழிகளில் அமைத்து 2015இல் வெளியிட்டது.

ஆதலின், பிள்ளையைச் சோதனைக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர் அஞ்ச வேண்டுவதில்லை; கேட்க வேண்டியவற்றைக் கேட்டல் வேண்டும். சோதிப்பவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவர்தாமா என்று அறிதல் நலம். வீட்டில் தமிழும், வெளியில் வேறு மொழிகளும் வழங்குவதை, எந்த மொழி எத்தனை ஆண்டாகப் பழக்கம் என்பதோடு, தொடக்கத்திலேயே சொல்லிவிடுதல் வேண்டும். எந்தச் சோதனை நடத்தப்பட்டது, எந்த மொழியில் நடத்தப்பட்டது, அதன் கோடுகள் எந்த ஆண்டில், எவரைக் கொண்டு வகுக்கப்பட்டவை என்பனவற்றை அறிக்கையில் எழுதித் தருமாறு கேட்பது பெற்றோரின் உரிமை. கண்ணும் காதும் பழுதின்றி உள்ளனவா என்று முன்னரே பார்த்துவிடுவதும் இன்றியமையாதது. பள்ளி மாறிய சில திங்களுக்குள் எடுத்த சோதனையாயின், ஓராண்டு கழித்து மீண்டும் அளந்து பார்ப்பது அறிவுடைமை.

பாரிஸில் பினே எண்ணியது, எந்தப் பிள்ளைக்குக் கைகொடுக்க வேண்டும் என்பதே. அந்த எண்ணம் மறந்த இடங்களில் சோதனை மக்களைத் தாழ்த்தும் கருவியாயிற்று. அதனை நினைவிற் கொண்டு, தம் மண்ணுக்கும் மொழிக்கும் ஏற்பக் கோலைத் திருத்திய காமத், பாட்டியா போன்றோரிடத்தும், மைசூரிலும் பெங்களூரிலும் உழைத்தோரிடத்தும் அது உதவும் கருவியாயிற்று. அவர்கள் தொடங்கிய பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. இரு மொழிகளுக்கு இடையே வளரும் குழந்தைகளுக்கெனத் தக்க கோடுகள் வகுக்கப்படுதல் வேண்டும். வெளிமாநிலங்களில் உள்ள நம் சங்கங்களும் பள்ளிகளும் அத்தகைய ஆய்வுகள் நடைபெறும் இடங்களில் மனமுவந்து பங்கு கொள்ளுமாயின், நாளைய தமிழ்க் குழந்தை தனக்குரிய கோலால் அளக்கப்பெறும்.